குழலுக்குள் வானம்

“எனக்குத் துப்பாக்கி சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது, சவரி. குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லு. தோட்டா போடும்போது எப்படி வெடிக்கும்?” என்று கேட்டார் சூசை சாமியார்.

சவரிநாதன் கையிலிருந்த துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தான். ராயபுரத்து மாதா கோயிலை ஒட்டிய சாமியாரின் அறை அது. அவர் நாற்காலிக்குப் பின்னால், ஊருக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் தவசிமுத்து கைகட்டி நின்றார். மூலையில் முக்காட்டோடு ரோசி.

அவள் புருஷன் கஸ்பார் எண்ணூர் உப்பளத்துக் காவல்காரன். நேற்றுக் காலை காவல் கொட்டகையில் துப்பாக்கி வெடித்துச் செத்துக் கிடந்தான். போலீஸ்காரர்கள் விசாரித்துவிட்டு உடலைக் கொடுத்துவிட்டார்கள். கோயில்தான் இன்னும் சம்மதிக்கவில்லை. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவனுக்குத் துக்க மணி கிடையாது, பூசை கிடையாது, மந்திரித்த மண்ணும் கிடையாது. கல்லறை மதிலுக்கு வெளியே, முள்ளுக்காட்டில்தான் குழி.

போன மாசம்தான் கஸ்பார் தன் ஒரே மகளை அம்மைக்குப் பறிகொடுத்து, அந்த மதிலுக்குள் அடக்கம் செய்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து யாரோடும் பேச்சில்லை. அதனால்தான் அவனே சுட்டுக்கொண்டான் என்று ஊர் பேசியது. மகளுக்கும் அப்பனுக்கும் நடுவே மதில் வந்துவிடுமே என்றுதான் சவரி இங்கே வந்திருந்தான். அவனும் அதே உப்பளத்தில் காவல். விபத்துதான் என்று காட்டத் தன் துப்பாக்கியையே கொண்டுவந்திருந்தான்.

“மொதல்ல இப்டி மடக்கணும் சாமி. குழல் வாயி எப்பவும் தரையப் பாத்துகினே இருக்கணும். விரலு விசைகிட்டயே போவக் கூடாது. தோட்டாவப் போட்டுட்டு, கட்டையத் தூக்கிக் குழலோட சேக்கணும்.” இரண்டு தோட்டாக்களைப் போட்டு மூடிக் காட்டினான். “அவசரப்பட்டுக் குழலத் தூக்கினா வாயி நம்ம பக்கம் திரும்பிடும். அப்போ விரலு விசைல பட்டுதுன்னா முடிஞ்சுது.”

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டான். தோட்டா போடுமுன் குழலுக்குள் கண் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பளத்தில் ஒரே நாளில் குளவி கூடு கட்டிவிடும். கஸ்பார் ஒவ்வொரு தடவையும் பார்த்து, “வானம் தெரியுது” என்று சொல்லிவிட்டுத்தான் தோட்டாவைத் தொடுவான். சவரியே அதைக் கேலி செய்திருக்கிறான். இப்போது அதைச் சொன்னால், அவ்வளவு ஜாக்கிரதையான ஆள் கையில் எப்படி வெடித்தது என்று கேள்வி வரும்.

சொல்லாமலே அந்தக் கேள்வி வந்தது. உபதேசியார் முன்னால் குனிந்தார்.

“கஸ்பார் நிதானமான ஆளாச்சே? ஜப்பான்காரன் குண்டு பயத்துல பட்டணமே காலியானப்பவும் காவலை விட்டு நகராதவன். அவனா அவசரப்பட்டான்?”

“இன்னா உபதேசியாரே, அவனா நிதானம்?” சவரி சிரிக்கப் பார்த்தான். “எத்தினி தபா திட்டிகீறேன்! விசைல விரல வச்சிகினேதான் தோட்டா போடுவான். சுத்த முரடு சாமி.”

செத்துப்போன தோஸ்த்தை, அவன் பெண்டாட்டி முன்னாலேயே இப்படிப் பேசும்படி ஆகிவிட்டதே. ரோசி தலையை நிமிர்த்தி அவனையே பார்த்தாள்.

“ஏம்மா, நெசந்தானா?” என்றார் சாமியார்.

ரோசி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “ஆமா சாமி. வூட்லயும் அப்டித்தான். என் பேச்ச எங்க கேட்டாரு?” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

சாமியார் விசையைத் தொடப் பார்த்து, பயந்தவர்போல் விரலை இழுத்துக்கொண்டார்.

“இது பட்டாலே போதுமா! அப்போ அஜாக்கிரதைதான், விபத்துதான். உபதேசியாரே, துக்க மணி அடிக்கச் சொல்லுங்க. மகள் பக்கத்துலயே குழி வெட்டட்டும்.”

உபதேசியார் தலையாட்டிவிட்டு வெளியே போனார். ரோசி சாமியார் காலில் விழுந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள். சாமியாரிடமே பொய் சொல்லிவிட்டோம் என்ற பயம் சவரிக்கு அப்போதுதான் பிடித்தது. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தவன், அதை மறந்து வெறுங்கையோடு வாசலுக்கு நடந்தான். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது.

“சவரி, தோட்டாவோட வச்சிட்டுப் போறியே.”

திரும்பினான். சாமியார் துப்பாக்கியை எடுத்து, வாயைத் தரைப் பக்கம் திருப்பி, சட்டென்று மடக்கி, இரண்டு தோட்டாக்களையும் உருவி மேஜைமேல் வைத்தார். விரல் விசைப் பக்கமே போகவில்லை. பிறகு குழலை ஜன்னலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“வானம் தெரியுது,” என்றார். “எண்ணூர் உப்பங்கழிக்கு வாத்து சுட, உபதேசியாருக்குத் தெரியாம எத்தனை விடியல்ல கூட்டிக்கிட்டுப் போயிருக்கான்! எனக்குத் தோட்டா போடக் கத்துக்கொடுத்ததே கஸ்பார்தான், சவரி.”