பழசாகாத வண்டி

குணசேகரன் கார் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும், சீட்டுகளின் மேல் கம்பெனியில் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் கவரை உரிக்கவில்லை. உரித்தால் வண்டி பழசாகிவிடுமாம். பின்சீட்டில் பெல்ட்டைச் செருகுகிற லாக், அந்தக் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது.

"பாப்பாவுக்கு பெல்ட் போடணும். அந்த எழவ கிழிச்சுத் தொலைங்க" என்று அவன் மனைவி திலகவதி சொல்லாத நாளில்லை.

"நான் என்ன பிளேனா ஓட்டுறேன்?" என்பான் அவன்.

அன்று புறவழிச்சாலையில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. அவன் பிரேக்கை மிதித்த மிதியில் பாப்பா பறந்துபோய் முன்சீட்டின் முதுகில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. பின்சீட்டில் பக்கத்தில் இருந்த திலகவதி அவளை வாரி எடுத்து, முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்தாள். வண்டியை ஓரங்கட்டிய குணசேகரன் கர்ச்சீப்பை எடுத்துத் திரும்பினான். சீட்டைத் துடைத்தான்.

"நல்லவேளை, கவரு இருந்துச்சு. இல்லன்னா கறை பட்டிருக்கும்."

திலகவதிக்கு உச்சந்தலைவரை எரிந்தது. லாக் புடைத்திருந்த இடத்தை நகத்தால் கீறினாள். கிழியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். கவர் நீளமாக அலறிக்கொண்டு கிழிந்தது.

"ஐயோ!" என்றான் குணசேகரன்.

பாப்பா விழுந்தபோது அவன் வாயில் வராத ஐயோ.

திலகவதி பாப்பாவை உட்காரவைத்து டக்கென்று பெல்ட்டை மாட்டினாள். பிளாஸ்டிக் துண்டு இன்னும் அவள் பல்லில் தொங்கியது. அதைத் துப்பாமலே சொன்னாள்:

"ஆஸ்பத்திரிக்கு ஓட்டுடா."