மூன்றாவது பாட்டு

“இன்னும் ஒரு கடிதம் வந்தா நாடகத்தை நிறுத்திடுவேன் சார். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க” என்று தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

பாட்டு வாத்தியார் பதினெட்டு வருஷமாகக் காலைப் பிரார்த்தனைக்கு கீபோர்டு வாசித்ததோடு சரி. அவர் பெயரைப் போட்டு மேடையேறப்போகிற முதல் இசை நாடகம் இது. நாளை மாலை அரங்கேற்றம்.

பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கேள்வி கேட்டுப் பாடும் நாடகம். பெயரே ‘எங்களையும் கேளுங்க’. கேள்விப்பட்ட நாளிலிருந்து பெற்றோர் சிலர் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

புகார்ப் பெட்டியில் இதுவரை இரண்டு மொட்டைக் கடிதங்கள். இரண்டிலும் ஒரே வரிதான்: மூன்றாவது பாட்டை எடுத்துவிடுங்கள்.

நாடகத்தின் உயிரே அந்தப் பாட்டில்தான் இருந்தது. வீட்டில் சண்டை வெடிக்கும்போதெல்லாம் ஒரு பெண் குளியலறைக்குள் போய், சத்தம் காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பெருக்க வந்த ஆயாம்மாகூட ஒத்திகையில் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்படி சார் இதெல்லாம் தோணுது என்று கேட்டவர்களிடம், எல்லாம் கற்பனைதான் என்று அடக்கமாகச் சிரித்துவைத்தார் வாத்தியார்.

யார் எழுதியிருப்பார்கள்? பெற்றோர் சங்கத் தலைவரா? அவர் மொத்த நாடகத்தையும் நிறுத்தச் சொல்லி நேரிலேயே கத்துகிறவர், அவருக்கு எதற்கு மொட்டைக் கடிதம்? துணைத் தலைமை ஆசிரியை இவரைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார். விளையாட்டு ஆசிரியர் இரண்டு நாளாகக் காரணமில்லாமல் வணக்கம் வைக்கிறார். யாரைப் பார்த்தாலும் கடிதம் எழுதுகிற முகமாகவே தெரிந்தது.

இன்று காலை வீட்டிலும் இதே புலம்பல்தான். அதே பள்ளியில் பத்தாவது படிக்கும் மகள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அந்த ஒரு பாட்டை எடுத்துட்டாதான் என்னப்பா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம சாப்பிடு.”

மதிய இடைவேளையில், புகார்ப் பெட்டிக்கு எதிரே இருந்த ஆய்வகத்தில், எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் பதுங்கினார்.

முதலில் விளையாட்டு ஆசிரியர் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார். வாத்தியார் பாய்ந்துபோய் அதைப் பிடுங்கினார். மைதானத்துக் கழிப்பறைக்குக் கதவு இல்லையாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி எலும்புக்கூட்டிடமே திரும்பினார்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு மாணவி வந்தாள்; முதுகு மட்டும்தான் தெரிந்தது. காகிதம் பெட்டிக்குள் பாதி போன நேரத்தில் வெடுக்கென்று உருவினார். ‘மூன்றாவது பாட்டை’ என்று தொடங்கியிருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

அவருடைய மகள்.

“நீயா? அப்பன் தலையிலயே மண்ணள்ளிப் போடறியே, யாரு சொல்லிக் குடுத்தா? அந்தச் சங்கத் தலைவரா?”

அவள் பயப்படவில்லை, அழவுமில்லை.

“யாரும் சொல்லல. அது என் டைரில நான் எழுதினது. நீங்க எடுத்துப் படிச்சதே, ஒத்திகையில அந்தப் பாட்டு காதுல விழுந்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது.”

கற்பனை என்ற பேச்சு இவளிடம் எடுபடாது.

“என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அம்மாவுக்கும் தெரிஞ்சுடும். அதுக்கு வேற ஒரு சண்டை வரும். காலைல தைரியமா ஆரம்பிச்சேன், பேசாம சாப்பிடுன்னுட்டீங்க.”

அரங்கத்தில் பிள்ளைகள் கடைசி ஒத்திகையைத் தொடங்கிவிட்டார்கள். ‘எங்களையும் கேளுங்க, ஒரு வார்த்தை கேளுங்க’ என்று நாற்பது குரல்கள் வராந்தா வரை கேட்டன.

மகள் அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

“நல்லா எழுதியிருக்கீங்கப்பா. என்னை மட்டும்தான் கேக்கல.”