இன்னும் ஒரே ஒரு திருத்தம்

"'வருத்தத்துடன்'னு போட்டா நாம ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்காதா சார்?"

டைப்பிஸ்ட் கேட்டதும் மேனேஜர் மோவாயைத் தடவினார். யோசிக்கிறாராம்.

"கரெக்ட். அதைத் தூக்கிடு. அப்படியே மூணாவது பாராவை மேலே கொண்டு வா. கம்ப்யூட்டர்தானே, நோகாம நகரும்!"

அவள் நகர்த்தினாள். பிரின்டர் கிறீச்சிட்டுக்கொண்டே புதுத் தாளைத் துப்பியது. பழைய தாள், ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்த குப்பைக் கூடைக்குப் போனது.

அந்த மெஷினை எப்படி ஆன் செய்வது என்றுகூட மேனேஜருக்குத் தெரியாது. ஆனால் அது வரப்போகிறது என்றதுமே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "நாலு பேர் வேலையை ஒரு மெஷின் பார்க்கும்" என்று பீற்றிக்கொண்டு, மற்ற டைப்பிஸ்டுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிஞ்சியவள் இவள் ஒருத்திதான். இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

டைப்ரைட்டர் காலத்தில் ஒரு வார்த்தையை மாற்றினாலும் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். மற்றவர்களை அனுப்பிய கடிதங்கள்கூட அப்படி ஒரே மூச்சில் போனவைதான். இப்போதோ ஒரு கமாவுக்கு அரை நாள் ஆராய்ச்சி. இதற்குப் பெயர் வேகமாம்!

"சார், 'நிர்வாகம் முடிவு செய்துள்ளது'ன்னு இருக்கே. 'நான்'னு போட்டா உங்க கம்பீரம் தெரியுமே?" என்றாள், முகத்தைப் பச்சைப்பிள்ளை போல வைத்துக்கொண்டு.

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"போடு, போடு! நாளைக்கு நிதானமாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அவர் அறைக்குள் போனதும், பக்கத்து மேசைக் கேஷியர் தலையை நீட்டினாள்.

"ஏண்டி, மூணு மாசமா ஒரே லெட்டரா? அந்தாளுக்குத்தான் வேலை இல்லே. நீ எதுக்கு எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருக்கே? அவரு மச்சினன் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சுட்டு உன் நாற்காலியையே பார்த்துக்கிட்டிருக்கான், ஞாபகம் வச்சுக்கோ. ஆமா, யாருக்குத்தான் அந்த லெட்டர்?"

மெஷினுக்கு உறையை மாட்டியபடி டைப்பிஸ்ட் சிரித்தாள்.

"எனக்குத்தான். என்னை வேலையை விட்டுத் தூக்கற லெட்டர். நாளைக்கு 'அன்புள்ள'வா, 'மதிப்பிற்குரிய'வான்னு கேக்கப்போறேன்; அதுல இன்னும் ஒரு மாசச் சம்பளம் வந்துடும்."