மெஷின் பக்கத்துக் காது

“ஆ” காட்டச் சொல்லி டாக்டர் டார்ச் அடித்ததும், மகள் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

பாவம், அவளும் எத்தனை பேருக்குத்தான் திறந்து காட்டுவாள்.

மூன்று வாரமாக அவள் வாய் நாறியது. சாதாரண நாற்றம் இல்லை, தண்ணீர் மாற்ற மறந்துபோன பூச்சாடியின் நாற்றம். இரண்டே முக்கால் வயது, பதினெட்டுப் பல். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை.

நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. காலையும் இரவும் பல் தேய்த்துவிட்டோம். விரலில் ஈரத்துணியைச் சுற்றி நாக்கை வழித்தோம். தூங்கும்போது கொடுக்கும் பால் பாட்டிலை நிறுத்தினோம். அவள் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி விசாரித்தார். வாய் காய்ந்தாலும் நாறும் என்று யாரோ சொல்ல, மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்க வைத்தோம். ஜட்டி நனைந்ததுதான் மிச்சம்.

நாற்றம் அசையவில்லை.

மனைவி போனில் தேடித் தேடிப் படித்தாள். திங்கட்கிழமை, சர்க்கரை நோயாக இருக்கலாம் என்றாள். புதன்கிழமை, கிட்னியாக இருக்கலாம் என்றாள். வியாழக்கிழமை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அன்றுதான் நான் உண்மையாகவே பயந்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. மகள் என்னிடம் ஒட்டிக்கொண்டாள். முன்பெல்லாம் சாயங்காலம் நூல், பட்டன் வாங்கக் கடைக்குப் போய்விட்டு வந்து, வாய் கொப்பளித்து, ஏலக்காய் ஒன்றை மென்றபடி தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் தாவிவிடுவாள். இந்த மூன்று வாரமாகச் சமர்த்தாக என் தோளில் சாய்ந்தாள். ‘உடம்புக்கு முடியலைன்னா அப்பாதான் வேண்டியிருக்கு பார்’ என்று மனைவியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மூக்கு எப்பவும் இந்த ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுகுதா?”

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை துடைக்கிற மூக்கு. எந்தப் பக்கம் என்று யார் பார்த்தது?

“ரெண்டு பக்கமும் ஒழுகினா சளி. ஒரு பக்கம் மட்டும்னா, உள்ள யாரோ குடியிருக்காங்கன்னு அர்த்தம்.”

மகளைத் துண்டால் சுற்றி மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். தலையை நான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் மெல்லிய இடுக்கி ஒன்றை மூக்குக்குள் விட்டார். வீல் என்று ஒரே ஒரு கத்தல்.

ட்ரேயில் சொத்தென்று ஏதோ விழுந்தது. டாக்டர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

“அவ்வளவுதாங்க. வாயில ஒரு கோளாறும் இல்ல. ரெண்டு நாள்ல நாத்தம் இருந்த இடம் தெரியாது.”

மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். சர்க்கரை இல்லை. கிட்னி இல்லை. அந்த அழுகல் உருண்டையை எடுத்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

அப்புறம்தான் அதைச் சரியாகப் பார்த்தேன். மஞ்சள் ஸ்பாஞ்சு. எங்கள் வீட்டு ஸ்பாஞ்சு.

நான் சோபா தைக்கிறவன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கட்டையில் துணியை வைத்துப் பின் அடிக்கிற மெஷின் காதைக் கிழிக்கும். அதனால் மிச்சமான ஸ்பாஞ்சில் கொஞ்சம் கிள்ளி உருட்டி, மெஷின் பக்கத்துக் காதில் அடைத்துக்கொள்வேன். ஒரு காதில் மட்டும்தான். மறு காது திறந்திருக்க வேண்டும். மனைவி கூப்பிட்டுக் கேட்காவிட்டால் அது வேறு சத்தமாகிவிடும்.

நான் உருட்டுவதை மகள் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

டாக்டர் குனிந்து அவள் கன்னத்தைத் துடைத்தார். “இதை ஏன் கண்ணு மூக்குல வெச்சே?”

ஒன்றும் தெரியாத ஆளிடம் பாடம் சொல்வதுபோல அவள் நிதானமாகச் சொன்னாள்.

“மெஷின் சத்தம். அப்பா காதுல வெச்சாங்க. அப்பா தூக்கினா புகை நாத்தம். நான் மூக்குல வெச்சேன்.”

டாக்டர் ஏதோ எழுத ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் எழுத அந்தச் சீட்டில் ஒன்றும் இல்லை.

மகள் பிறந்த அன்று, தொட்டிலில் கிடந்த அவள் தலைமேல் கை வைத்து, இனி சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. ட்ரேயை மட்டும் என் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

பேன்ட் பையில் நூற்கண்டுக்கு அடியில் இருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்து, ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். நிஜமாகச் சொல்கிறேன், அதை வைத்தபோதும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு மகளைத் தூக்கக் கை நீட்டினேன்.

இரண்டு மூக்காலும் நன்றாக ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, அவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.