பைக்கு அடியில் செய்தித்தாள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சின்னக் கதைதான், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பூரணி என்று ஒருத்தி. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடும் இணையக் குழுவில் கணவருக்காகச் சேர்ந்தாள். வயிற்றுக்குள் மருந்து நீரை விட்டு எப்படிப் பையில் வடிப்பது, கையை எவ்வளவு நேரம் கழுவுவது, எல்லாம் அங்கே கேட்டுக் கேட்டுத்தான் படித்தாள். வடிந்த நீர் ஒருநாள் பருப்புத் தண்ணீர் போல வந்தபோது மட்டும் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அது கிருமித் தொற்று என்பதையும், பைக்கு அடியில் செய்தித்தாளை வைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும் என்பதையும் அதன் பிறகுதான் படித்தாள். குழுவை விட்டுப் போகவில்லை. அங்கே பெயருக்குக் கீழே நோயாளி யார், சிகிச்சை எத்தனையாவது வருடம் என்று எழுதுவது வழக்கம். அவள் பெயருக்குக் கீழே ‘கணவர், இரண்டாம் வருடம்’ என்று அப்படியே கிடந்தது. ஒரு மத்தியானம் ரெஜினா என்பவள் எழுதினாள்.

“அக்கா, அம்மாவுக்கு வடியிற தண்ணி லேசா கலங்கலா இருக்கு. நாளைக்குப் பார்த்துக்கலாமா?”

“பைக்கு அடியில பேப்பரை வை. எழுத்து படிக்க முடியுதா?”

“பெரிய எழுத்துகூடத் தெரியல.”

“அடுப்பை அணைச்சிட்டு, அந்தப் பையையும் எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.”

நான்காம் நாள் பதில் வந்தது.

“அம்மா தேறிட்டாங்க அக்கா. கஞ்சியில உப்பில்லன்னு என்னைத் திட்டுறாங்க. உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?”

பூரணி தன் பெயருக்குக் கீழிருந்த வரியைத் தொட்டாள். அழிக்கவா என்று திரை கேட்டது. அவள் எதையும் அழுத்தாமல் அன்றைய செய்தித்தாளை மடியில் விரித்து, தலைப்பிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள்.

உங்கள் வீட்டில் எல்லாரும் உப்பில்லை என்று திட்டிக்கொண்டே நூறு வருடம் சாப்பிடட்டும்.