விரிப்புக்கு அடியில்

அமெரிக்காவின் டுலூத் நகரில் சேதர் குடும்பத்தின் காப்பீட்டு அலுவலகத்தில் ஓக் மரத் தரைக்குத்தான் முதல் மரியாதை. முதலாளி ஹால்வர் சேதரின் தாத்தா தன் கையாலேயே இழைத்துப் போட்ட தரை அது. மேசையை இழுத்து அதைக் கீறிய குமாஸ்தாவுக்கு அன்றே வேலை போயிற்று.

அவருக்குப் பதிலாக வந்தவள் டோரீன். முதலாளியின் நாற்காலிச் சக்கரம் தரையைக் கீறாமலிருக்க, அவள்தான் தேடிப்பிடித்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கினாள்.

"அந்த விரிப்பை யாரும் தொடக் கூடாது!" என்று இரண்டு வருடமாக ஹால்வர் அதட்டிக்கொண்டே இருந்தார்.

இன்று காபி கவிழ்ந்து விரிப்புக்கு அடியில் ஓடியது. துடைப்பதற்காகத் தூக்கிய டோரீனுக்கு உயிரே போய்விட்டது. விரிப்பின் அடியெல்லாம் முள். நகராமல் பிடித்துக்கொள்ள முள் வைத்து, கம்பளத்தின் மேல் போடுகிற ரகம். தரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

"யார் உன்னைத் தூக்கச் சொன்னது?"

வாசலில் ஹால்வர்.

"மிஸ்டர் சேதர், நான் பார்த்துத்தான் வாங்கினேன். முள்ளு வச்சது எப்படி வந்துச்சுன்னே தெரியல. வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க!"

அவர் கதவைத் தாழிட்டார். ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீ வாங்கினது வழவழன்னு சரியாத்தான் இருந்துச்சு. வழுக்கிட்டே போகுதேன்னு நான்தான் உனக்குத் தெரியாம மாத்திப் போட்டேன்."

வெளியே கார் வந்து நின்றது.

"ஐயோ, எங்க அக்கா! அந்தக் குமாஸ்தாவை அனுப்பினது நான் இல்லம்மா, அவதான். சீக்கிரம் அந்தப் பக்கம் பிடி, விரிப்பைப் போட்டு மூடிடலாம்!"