ஊசிக்கு ஏற்ற வயசு

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் மகள் இருக்கும் நாட்டுக்குள் காலடி வைக்க முடியாது. அதனால்தான் தையல்கடைக்காரம்மா, அன்று காலையில் தலைமுடிக்கு அடித்த கருஞ்சாயம் மின்ன, டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வழுக்கைத் தலையும் கைத்தடியுமாக ஒருவர்.

"எங்க அண்ணன். அவரும் கூட வர்றாரு."

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் ஒரு மிதி விழுந்ததும் மூடிக்கொண்டார்.

"உங்க வயசு என்ன சார்?"

"அறுபத்திரண்டு."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "அறுபது தாண்டினா இந்த ஊசி சில பேருக்கு ஆபத்தாக் கூடப் போயிடும். நல்லா பரிசோதனை பண்ணிட்டுத்தான் முடிவெடுக்கணும். உங்களுக்கு எத்தனைம்மா?"

"அம்பத்தஞ்சு," என்றார் தையல்கடைக்காரம்மா. யார் கேட்டாலும் அவர் சொல்லும் வயது அதுதான்.

"அப்ப பிரச்சினையே இல்ல. கையைக் காட்டுங்க."

அவர் ஜம்பமாக ஜாக்கெட் கையை மேலே ஏற்றினார். நர்ஸ் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியைக் கிட்டே கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. அதற்கு மேல் தாங்க முடியாமல் எழுந்துவிட்டார்.

"போடாதீங்க நர்ஸம்மா! உயிரோட விளையாடாத அக்கா!"

ஊசி அந்தரத்தில் நின்றது. டாக்டர் வழுக்கையைப் பார்த்தார், கருஞ்சாயத்தையும் பார்த்தார்.

"தம்பிக்கு அறுபத்திரண்டு... அக்காவுக்கு அம்பத்தஞ்சா?"

தையல்கடைக்காரம்மா ஜாக்கெட் கையை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் சின்ன வயசுல இருந்தே இப்படித்தான் டாக்டர். எதையும் கூட்டித்தான் சொல்லுவான்!"